பேறுகாலத் தாயும் இரத்த உறைகட்டியும்: மருத்துவ வரலாறும் ஃபிக்ஹு மரபும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, இஷாத் தொழுகைக்குப் பின் நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். முதல் நாள்தான் அவருடைய மனைவிக்குச் சிசேரியன் அறுவை நடந்திருந்தது. குழந்தை நலம். தாய்க்குப் பத்து நாட்கள் அடிவயிற்றுத் தோலுக்கடியில் நாளொன்றுக்கு ஓர் ஊசி போடவேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்த உறவினர் ஒருவர், அது பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படும் மருந்து என்று சொல்லிவிட்டார். வீட்டுப் பெரியவர்கள் ஊசியை நிறுத்தி வைத்துவிட்டனர்.

"ஹஸ்ரத், இப்போது அவளுக்கு ஒரு நோயும் இல்லை. நோய் வந்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான் இந்த ஊசி என்கிறார்கள். நோயே இல்லாதபோது ளரூரத் எங்கிருந்து வந்தது என்று மாமா கேட்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?"

இன்றைய ஊசியைப் போடச் சொல்லுங்கள், மாமாவிடம் நாமே பேசுகிறோம் என்றோம். ஆயினும் அந்தப் பெரியவரின் கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நோயுற்றவருக்கு விலக்கப்பட்ட மருந்தின் சட்டம் நூல்களில் விரிவாக உண்டு. இன்னும் நோயுறாதவருக்கு, நோய் அணுகாதிருக்கத் தரப்படும் மருந்தின் சட்டம் என்ன? அதற்கு விடை காண, முதலில் அந்த நோயின் வரலாற்றை அறிய வேண்டியிருந்தது. அந்தத் தேடலில் கண்டவற்றையே இங்கு வாசகர்முன் வைக்கிறோம்.

பால்கால் என்னும் பழைய நோய்

பேறுகாலத் தாய்மாரின் கால் வீக்கத்தை ஐரோப்பிய மருத்துவர்கள் பதினேழாம் நூற்றாண்டு முதலே எழுதி வந்துள்ளனர். பிரசவித்த சில நாட்களில் ஒரு கால், பெரும்பாலும் இடது கால், வெளுத்து வீங்கிக் கடுமையாக வலிக்கும். மார்பில் சுரக்கவேண்டிய பால் வழிதவறிக் காலில் இறங்கிவிட்டது என்று அக்காலத்தவர் கருதினர். அதனால் அதற்குப் 'பால்கால்' என்றே பெயர் வழங்கிற்று. மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்ல்ஸ் ஒயிட் 1784இல் எழுதிய நூலில் பால் இதற்குக் காரணமன்று என மறுத்தார். ஆயினும் நிணநீர்க் குழாய்களே காரணம் என்று அவர் கொண்டார். 1823இல் இலண்டனைச் சேர்ந்த டேவிட் டேவிஸ், இந்நோயால் இறந்த பெண்களின் உடல்களைக் கீறி ஆராய்ந்தபோது, இடுப்பு மற்றும் தொடையின் சிரைகளில், அதாவது இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களில், இரத்தம் உறைந்து அடைத்திருந்ததைக் கண்டார். பாலின் மீது சுமத்தப்பட்ட பழி அத்துடன் நீங்கத் தொடங்கிற்று.

எனினும் கால்வீக்கம் ஒருத்தியின் உயிரைத் திடீரெனப் பறிப்பது எவ்வாறு? விடையளித்தவர் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ஷோ (1821–1902). நுரையீரல் தமனியில் காணப்படும் உறைகட்டி அங்கேயே உருவானதன்று என்றும், காலில் அல்லது இடுப்பில் உருவாகிப் பிய்ந்து இரத்த ஓட்டத்தோடு வந்து அங்கே அடைத்துக்கொள்வது என்றும் 1846 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் அவர் நிறுவினார். இரத்தம் தேங்குதல், குழாயின் சுவர் காயமுறுதல், இரத்தத்தின் தன்மை மாறுதல் என இரத்த உறைவுக்குக் கூறப்படும் மூன்று காரணங்களும் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

காலிலிருந்து கிளம்பும் கட்டி நுரையீரலை அடையும் பாதையை நினைக்கும்போது இப்னுன் நஃபீஸ் (இறப்பு ஹிஜ்ரி 687, கி.பி. 1288) அவர்களை நினையாதிருக்க இயலாது. டமாஸ்கஸ் பகுதியில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அம்மேதை, ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹிலும் புலமையுடையவர். இப்னு ஸீனாவின் கானூன் நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு அவர் எழுதிய விரிவுரையில், இதயத்தின் வலப்புற அறையிலிருந்து இடப்புற அறைக்கு நேரான துளை ஏதுமில்லை என்றும், இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்தே இடப்புறம் வந்து சேர்கிறது என்றும் எழுதினார். காலேன் காலத்திலிருந்து வந்த கொள்கைக்கு இது நேர்மாறானது. எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி, விர்ஷோ பணியாற்றிய அதே பெர்லின் நகரின் நூலகத்தில் அச்சுவடியைக் கண்டு, 1924இல் தம் ஆய்வேட்டில் உலகுக்கு அறிவித்தார். இப்னுன் நஃபீஸ் உறைகட்டியைப் பற்றி எதுவும் கூறவில்லை. கூறியதாக நாம் பெருமை பேசவும் வேண்டியதில்லை. அக்கட்டி பயணம் செய்யும் பாதையைச் சரியாக எழுதி வைத்தார் என்பதே போதுமான பெருமை.

கீறிப் பிறப்பித்தல்

வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுப்பது நம் நூல்களுக்குப் புதியதன்று. அல்பிரூனி தம் அல்ஆஸாருல் பாக்கியா நூலில், பிரசவ வேதனையில் இறந்த தாயின் வயிற்றைக் கீறி ரோமப் பேரரசர் ஒருவர் எடுக்கப்பட்ட செய்தியைக் குறிப்பிடுகிறார். எடின்பரோ பல்கலைக்கழக நூலகத்திலுள்ள, கி.பி. 1307ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்நூலின் படியில் இக்காட்சி ஓவியமாகவே தீட்டப்பட்டுள்ளது. இறந்த தாயின் வயிற்றில் உயிருள்ள சிசு இருப்பின் கீறி எடுக்கலாமா என்பதும் ஃபிக்ஹு நூல்களில் பேசப்பட்ட பிரச்சினையே. சிசு பிழைக்கும் என்ற நம்பிக்கை இருப்பின் கீற வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹன்பலீ மத்ஹபின் பிரபலமான கருத்து, கீறாது மருத்துவச்சியர் முயலவேண்டும் என்பது.

இவையெல்லாம் இறந்த தாயைப் பற்றியவை. உயிருள்ள தாய் இவ்வறுவையில் பிழைத்தெழுவது அண்மைக்கால நிகழ்வே. 1882இல் ஜெர்மனியின் மாக்ஸ் ஸேங்கர், கீறிய கருப்பையைத் தையலிட்டு மூடும் முறையை வகுத்தார். கிருமியொழிப்பும் இரத்தம் ஏற்றுதலும் பெனிசிலினும் அடுத்தடுத்து வந்தன. இரத்தப்போக்காலும் காய்ச்சலாலும் தாய்மார் இறப்பது குறையக் குறைய, அதுவரை பின்னால் மறைந்து நின்ற உறைகட்டி முன்னால் தெரியலாயிற்று.

இதன் காரணத்தை விர்ஷோவின் மூன்று கூறுகளைக் கொண்டே விளங்கலாம். பிரசவத்தின்போது இரத்தப்போக்கு மிகாதிருக்க, கருவுற்றவளின் இரத்தத்தில் உறையும் ஆற்றலை இறைவன் முன்கூட்டியே மிகுதியாக்கி வைத்துள்ளான். வளர்ந்த கருப்பை இடுப்பின் சிரைகளை அழுத்துவதால் கால்களில் இரத்தம் மெதுவாக ஓடுகிறது. அறுவை குழாய்களைக் காயப்படுத்துகிறது. அதன்பின் படுக்கை. இம்மூன்றும் ஒருத்தியிடம் ஒருசேரக் கூடுவதால்தான், இயல்பாகப் பிரசவித்தவளைவிடச் சிசேரியன் செய்துகொண்டவளுக்கு இவ்வாபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு என மதிப்பிடப்பட்டுள்ளது. ஆயிரம் அறுவைகளில் சுமார் மூன்றில் இது நேர்கிறது. பிரசவத்தை அடுத்த ஆறு வாரங்களே மிகுந்த எச்சரிக்கைக்குரிய காலம்.

ஈரலில் தோன்றிய மருந்து

1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், வில்லியம் ஹோவெல் என்ற பேராசிரியரிடம் பயின்றுவந்தார். இரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடியவருக்கு, உறையவிடாது தடுக்கும் பொருள் நாயின் ஈரலில் கிட்டியது. ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஹெபாரின்' என்ற பெயரை 1918இல் ஹோவெல் சூட்டினார். இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட சார்ல்ஸ் பெஸ்ட் முதலியோர் கனடாவிலும், வேறு அறிஞர்கள் சுவீடனிலும் அதைத் தூய்மைப்படுத்தினர். 1930களின் நடுவில் அது மனிதருக்குச் செலுத்தத் தக்கதாயிற்று.

தொடக்கத்தில் மாட்டின் ஈரலும் நுரையீரலும் மூலப்பொருள்களாயிருந்தன. பின்னர் பன்றியின் குடற்சவ்வு முதலிடம் பெற்றது. மாடுகளின் மூளைநோய் குறித்த அச்சத்தால் 1990களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மாட்டு ஹெபாரினைக் கைவிட்டன. பிரேசில், அர்ஜென்டினா போன்ற நாடுகளில் மட்டும் அது தொடர்ந்து பயன்பட்டு வந்துள்ளது. ஹெபாரினின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியை இரசாயன முறையால் சிறு துண்டுகளாக்கிய எடைகுறைந்த ஹெபாரின் 1980களில் பரவிற்று. மாணவரின் மனைவிக்கு எழுதப்பட்டது அவ்வகையே. நாளொன்றுக்கு ஓர் ஊசி போதுமானது. தாய்ப்பாலூட்டவும் தடையில்லை.

நோய் வருமுன் சிறிய அளவில் ஹெபாரின் கொடுப்பது உயிர் காக்குமா என்ற கேள்விக்கு, 1975இல் இலண்டனில் இந்திய வம்சாவளியினரான விஜய் கக்கர் தலைமையில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வு விடையளித்தது. பெரிய அறுவைக்குள்ளான 4121 பேரில், மருந்து பெறாத பிரிவில் நுரையீரல் அடைப்பால் 16 பேரும், பெற்ற பிரிவில் 2 பேரும் இறந்தனர். அவர்கள் பேறுகாலத் தாய்மார் அல்லர். ஆயினும் தடுப்பது சாத்தியம் என்பது அங்கே உறுதியாயிற்று.

பிரிட்டனில் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் துருவி ஆராயும் வழக்கம் 1952 முதல் உண்டு. அவ்வறிக்கைகளில் உறைகட்டி மீண்டும் மீண்டும் முன்னணிக் காரணமாகத் தெரிந்ததால், 1995இல் அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் அரச கல்லூரி சிசேரியன் தாய்மாருக்கான தடுப்புமுறைகளை வகுத்தது. 2004இல் வழிகாட்டுதல் மற்றப் பிரசவங்களுக்கும் விரிந்தது. 2003–05ஆம் ஆண்டுகளில் 41ஆக இருந்த இவ்வகை மரணம் 2006–08இல் 18ஆகக் குறைந்தது. ஆயினும் போராட்டம் முடியவில்லை. 2020–22ஆம் ஆண்டுகளுக்கான அறிக்கை, இதையே மீண்டும் தாய்மார் மரணத்தின் முதற்காரணமாகக் காட்டிற்று.

மருந்தே இல்லாத தடுப்பும் உண்டு. காலைச் சுற்றிக் கட்டி, காற்றை ஏற்றி இறக்கி இரத்தத்தை மேலே செலுத்தும் உறை அது. அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைக் குழுமம் ஒன்று சிசேரியன் செய்துகொள்ளும் எல்லாருக்கும் அதை அணிவித்தது. அதற்குமுன் 4,58,097 அறுவைகளில் 7 தாய்மார் நுரையீரல் அடைப்பால் இறந்திருந்தனர். பின்னர் 4,65,880 அறுவைகளில் ஒருவரே இறந்தார். இதில் ஹலால், ஹராம் என்ற கேள்விக்கே இடமில்லை.

ஃபிக்ஹின் பார்வை

இனி மாமாவின் கேள்விக்கு வருவோம். பன்றியின் எல்லாப் பகுதியும் நஜீஸ் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. அதிலிருந்து பெறப்பட்ட மருந்தை அனுமதிப்போர் இரு வழிகளில் வாதிக்கின்றனர்.

ஒன்று, இஸ்திஹாலா. ஒரு பொருள் தன் இயல்பை இழந்து வேறொன்றாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்பது. உப்புச் சுரங்கத்தில் வீழ்ந்து உப்பாகவே மாறிவிட்ட கழுதையை ஹனஃபீ நூல்கள் உதாரணம் காட்டும். ஷாஃபிஈ மத்ஹபு இவ்வாயிலைக் குறுக்கியே திறக்கிறது. தானாகக் காடியாகும் மது, பதனிடப்பட்ட தோல் போன்ற சிலவற்றோடு நிற்கிறது. பதனிடும் தோலிலும் பன்றிக்கும் நாய்க்கும் இடமில்லை. குவைத்தில் 1995இல் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு கூட்டிய மாநாடு, ஜெலட்டின் போன்றவற்றில் இஸ்திஹாலாவை ஏற்றது. ஆனால் ஹெபாரின் மாற்றப்படுவதைவிடப் பிரித்தெடுக்கப்படுவதே உண்மை. குடற்சவ்வில் இருந்த பொருள்தான் தூய்மையாக்கப்பட்டு வருகிறது. எடைகுறைந்த வகையிலும் சங்கிலி துண்டிக்கப்படுகிறதேயன்றி வேறு பொருளாகிவிடுவதில்லை என்று வாதிக்க இடமுண்டு. எனவே இவ்வழியை மட்டும் நம்பி நிற்பது நம் மனத்துக்கு உறுதி தரவில்லை.

மற்றொன்று, ளரூரத். நிர்ப்பந்தத்துக்கு உள்ளானவருக்கு விலக்களிக்கும் 2:173ஆம் இறைவசனம் இதற்கு அடிப்படை. இமாம் நவவீ (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 676) அவர்கள் அல்மஜ்மூஃவில், மதுவல்லாத நஜீஸான பொருளால் மருத்துவம் செய்வதை, அதற்கு ஈடான தூய பொருள் கிட்டாதபோது அனுமதிக்கிறார்கள். பிற்கால ஹனஃபீ அறிஞர்களும் இதையொத்த நிபந்தனைகளோடு அனுமதித்தனர்.

ஆயினும் நோய் வராத நிலையில் ளரூரத் ஏது? இதற்கும் முன்னோர் விடை வைத்துள்ளனர். பசியால் வாடுபவன் எப்போது விலக்கப்பட்டதை உண்ணலாம் என்று ஆராயும் இடத்தில், மரணத்தின் விளிம்புவரை காத்திருக்கத் தேவையில்லை என்று இமாம் நவவீ எழுதுகிறார்கள். அந்நிலையை அடைந்தபின் உண்பதால் பயனில்லை என்பதே அவர்கள் கூறும் காரணம். ஆகவே ளரூரத்தின் வேளை என்பது மரணம் வந்து நிற்கும் வேளையன்று. செய்யும் செயல் இன்னும் பயனளிக்கக்கூடிய வேளையே அது. நுரையீரல் அடைப்பின் இயல்பை அறிந்தோர்க்கு இவ்விளக்கம் எவ்வளவு பொருந்துகிறது என்பது புரியும். பெரிய கட்டி நுரையீரலை அடைத்தபின் மருத்துவருக்குக் கிட்டுவது சிலபோது நிமிடங்களே. அப்போது கொடுக்கும் மருந்து பயன்படாமலே போகலாம்.

இன்னொரு சான்றும் உண்டு. தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையான அம்ருப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் இறந்துவிடுவோம் என்று அஞ்சித் தயம்மும் செய்து தொழவைத்தார்கள். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் புன்னகைத்தார்களேயன்றிக் கண்டிக்கவில்லை என அபூதாவூத் பதிவு செய்கிறது. அங்கே நோய் இருக்கவில்லை. வரக்கூடும் என்ற நியாயமான அச்சமே இருந்தது.

நியாயமான அச்சம் என்பதை அழுத்திச் சொல்கிறோம். வெறும் ஐயத்தால் சட்டம் தளராது. அறுவை செய்துகொண்ட எல்லாப் பெண்ணுக்கும் இவ்வூசி தேவையென்று மருத்துவரும் கூறுவதில்லை. வயது, உடற்பருமன், முன்பு உறைகட்டி வந்திருத்தல், மிகுந்த இரத்தப்போக்கு, காய்ச்சல், அவசர அறுவை போன்றவற்றை எடைபோட்டே முடிவு செய்கின்றனர். அவ்வெடைபோடலே ஃபிக்ஹு கேட்கும் வலுவான எண்ணம். அதைத் தருவது மருத்துவரின் துறை. அதன்மீது சட்டம் சொல்வது ஆலிமின் துறை.

இக்காலச் சட்ட மன்றங்களும் ஹெபாரினைப் பெயர் குறிப்பிட்டே ஆராய்ந்துள்ளன. மக்காவிலுள்ள உலக முஸ்லிம் லீகின் ஃபிக்ஹு மன்றம் 2003 டிசம்பரில் கூடிய 17ஆம் அமர்வில், எடைகுறைந்த ஹெபாரினுக்குப் போதிய தூய மாற்று இல்லாதபோதும், மாற்று சிகிச்சையை நீட்டிக்கும்போதும் அதைப் பயன்படுத்தலாம் என்றும், தேவைக்குமேல் பரவலாக்கக் கூடாது என்றும், உறுதியான தூய மாற்று கிட்டினால் அதற்கு மாறவேண்டும் என்றும் முடிவு செய்தது. மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு 2009 ஜூனில், கிளெக்ஸேன், ஃப்ராக்ஸிபரின் என்னும் இருவகை ஊசிகளும் விலக்கப்பட்டவை என்றது. செயற்கையாகத் தயாராகும் அரிக்ஸ்ட்ரா என்ற மாற்று உண்டு என்பதே அது கூறிய காரணம்.

இரண்டும் முரண்படுவதாகத் தோன்றலாம். ஆனால் அடிப்படை ஒன்றே. மாற்று உண்டா என்ற நிலவரக் கணிப்பில்தான் வேறுபாடு. அரிக்ஸ்ட்ராவின் மூலப்பொருளான ஃபோண்டாபாரினக்ஸ் விலங்குத் தொடர்பற்றது என்பது உண்மை. ஆயினும் அது உடலில் நெடுநேரம் தங்குவது. அதன் செயலை உடனே முறிக்கும் எளிய மருந்து இல்லை. வயிற்றில் புதுக்காயம் உள்ள தாய்க்கு இது அற்பமன்று. பிரிட்டிஷ் வழிகாட்டுதல் அதை ஹெபாரின் ஒவ்வாத பெண்களுக்கே ஒதுக்குகிறது. ஆகவே பொதுவான மாற்று, இந்தக் குறிப்பிட்ட தாய்க்கும் மாற்றுத்தானா என்பதை அவளுடைய மருத்துவரே சொல்ல இயலும்.

நம் இல்லங்களில்

இக்கேள்வி இனி அரிதாக எழுவதன்று. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். ஆகவே மருந்துக்கடை வாசலிலும் நள்ளிரவுத் தொலைபேசியிலும் இதற்கு விடை தேடுவது முறையாகாது. கருவுற்ற காலத்திலேயே மருத்துவரிடம் கேட்கலாம்: இவளுக்கு உறைகட்டி ஆபத்து உண்டா? ஊசி தேவைப்படுமா? விலங்குத் தொடர்பற்ற மருந்தோ காலுறையோ இவளுக்குப் போதுமா? மாற்று இருக்குமாயின் அதைப் பெறுவது நம் கடமை. இல்லையெனில் எழுதப்பட்ட நாட்கள் முழுவதும் ஊசியைப் போடுவதே கடமை. அரைகுறையாக நிறுத்துவது பேணுதல் ஆகாது.

நாற்பது நாள் வழக்கம் பற்றியும் ஒரு சொல். நிஃபாஸின் உச்சவரம்பு ஹனஃபீ மத்ஹபில் நாற்பது நாள், ஷாஃபிஈ மத்ஹபில் அறுபது நாள். அது தொழுகையிலிருந்தும் நோன்பிலிருந்தும் அளிக்கப்பட்ட சலுகை. படுக்கையிலேயே கிடக்கவேண்டும் என்ற கட்டளை அதில் எங்குமில்லை. ஆனால் சில வீடுகளில் பச்சை உடம்புக்காரி எழுந்து நடக்கலாகாது, தண்ணீர் மிகுதியாகக் குடிக்கலாகாது என்று தடுக்கின்றனர். நெடுநாள் படுக்கையைத்தான் ஒருகாலத்தில் ஐரோப்பிய மருத்துவமனைகளும் விதித்தன. 1940களில் அறுவையானவரை விரைவில் எழுப்பி நடக்கவைக்கும் முறை பரவியபின் அவ்வழக்கம் தகர்ந்தது. மருத்துவர் அனுமதித்ததும் தாயை எழுப்பி மெல்ல நடக்கவைப்பதும், தாகம் தீரத் தண்ணீர் கொடுப்பதும் செலவில்லாத தடுப்பு. ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ கண்டால், 'பேறுகாலத்தில் இப்படித்தான் இருக்கும்' என்று சொல்லி ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

இன்சுலினும் ஒருகாலத்தில் பன்றியிலிருந்து பெறப்பட்டு வந்தது. முன்பு கூறிய குவைத் மாநாடு, நீரிழிவுக்காரருக்கு அதை ளரூரத்தின் அடிப்படையில் அனுமதித்தது. 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, நுண்ணுயிரால் உருவாக்கப்படும் மனித இன்சுலின் பரவப் பரவ, அச்சலுகையின் தேவையே பெரும்பாலும் நீங்கிற்று. ஹெபாரினுக்கும் அத்தகைய நாள் வரலாம். அதை நம் சமுதாயத்து மாணவர் ஒருவரே ஆய்வுக்கூடத்தில் கண்டறியக்கூடும். இப்னுன் நஃபீஸின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்வதற்கு அதுவே தகுந்த ஆதாரமாகும். அந்நாள் வரும்வரை சலுகை சலுகையாகவே இருக்கட்டும்; அதைப் பயன்படுத்த வேண்டிய தாய் குற்றவுணர்வின்றிப் பயன்படுத்தட்டும்.

அன்றிரவு மாமாவிடம் நாம் பசித்தவனின் உதாரணத்தைத்தான் சொன்னோம். சற்றுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. பின்னர், "அப்படியானால் காத்திருப்பதுதான் பிழை என்கிறீர்கள்" என்றார். ஆம் என்றோம். பத்து ஊசிகளும் போடப்பட்டன.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.